ஒரு புள்ளியின் விலை
(பழைய எலெக்ட்ரானிக் கிட் கையேடுகளைப் பழுதில்லாமல் மறுபதிப்பு செய்யும் முறை)

மாதாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வால்வு வோல்ட்மீட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். முகம் வாடியிருந்தது.

“தாத்தா, மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சு சால்டர் பண்ணிட்டேன். இன்னும் தப்பாத்தான் காட்டுது. எனக்கு இதெல்லாம் வராது போல” என்றான்.

அந்த மீட்டருக்கு ஒரு கதை உண்டு. பையனின் தாத்தா 1960களில் பயிற்சிக்காக அமெரிக்கா போனபோது அதை ஹீத்கிட் என்னும் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக, வாங்கி வந்திருக்கிறார். வேலை, குடும்பம், ஊர் மாற்றம் என்று காலம் ஓடிவிட்டது; பெட்டி பரணிலேயே இருந்தது. அவரும் இப்போது இல்லை. தாத்தா விட்ட வேலையைப் பேரன் முடிக்க ஆசைப்பட்டான். ஆனால் கையேட்டைக் கரையான் தின்றிருந்தது. யாரோ விற்ற ஜெராக்ஸ் நகல் ஒன்றை வாங்கினார்கள். அது நகலின் நகலுக்கு நகல். கெட்டுப்போன பாகங்களுக்குப் பதிலாகக் கோட்டியில் குஜராத்தி கல்லிக் கடைகளில் புதியவை வாங்கி, அந்த நகலைப் பார்த்துப் பூட்டினான்.

பையனின் சால்டரிங்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழுது சொல்ல இடமில்லை. பிறகு ஓம் அளக்கும் பகுதியைச் சோதித்தோம். 10 ஓம் ரெசிஸ்டரை 1 ஓம் என்று காட்டியது. 100 ஓமை 55 என்றது. 1,000 ஓமை 920 என்றது. 10,000 ஓமுக்கு ஏறக்குறையச் சரி. கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லா அளவிலும் 82 ஓம் அளவுக்கு ஏதோ கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

நகலில் இருந்த எண் வரிசையைப் பாருங்கள்: 91, 90, 900, 9,000, 90,000. இந்த ரெசிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. கூட்டுத்தொகை 10, 100, 1,000 என்று பத்துப் பத்து மடங்காக வரவேண்டும். முதல் எண் 91 என்றால் எந்தக் கூட்டலும் வராது. அது 9.1 ஆக இருந்தால், உள்ளேயிருக்கும் பேட்டரியின் உள்தடையும் சேர்ந்து 10 ஆகிவிடும். அடுத்த 90 சேர்ந்தால் 100. ஆக, 9.1 என்பதில் இருந்த புள்ளி நகலெடுத்ததில் காணாமல் போய்விட்டது. 91-இலிருந்து 9.1-ஐக் கழித்தால் 81.9. நாங்கள் தேடிய 82 ஓம் அதுதான்.

சிக்கந்தராபாத்தில் ஒரு ஹாம் ரேடியோ நண்பரிடம் அதே மாடலின் அசல் கையேடு இருந்தது. அதில் புள்ளி தெளிவாக இருந்தது. பையன் கைமேல் ஒரு தப்பும் இல்லை, தப்பெல்லாம் தாளில். ஆனால் மூன்று வாரமாக அவன் நொந்துகொண்டது தன்னைத்தானே. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அதுதான். அசலைக் கடன் வாங்கி, ஒழுங்கான மறுபதிப்பு ஒன்றை நாங்கள் இருவரும் தயாரித்தோம். அதில் கற்ற பாடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

கையேடுதான் பாதி கிட்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரில் இருந்தது ஹீத் நிறுவனம். இதை நிறுவிய எட்வர்ட் ஹீத் முதலில் விற்றது சிறு விமானங்களுக்கான கிட். 1931-இல் ஒரு சோதனைப் பறப்பில் அவர் இறந்தார். 1935-இல் நிறுவனத்தை ஹோவர்ட் ஆன்டனி வாங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், மிச்சமாய்க் குவிந்திருந்த இராணுவ எலெக்ட்ரானிக் பாகங்களை மலிவாக வாங்கி, 1947-இல் ஓர் ஆஸிலாஸ்கோப் கிட்டை 40 டாலருக்கும் குறைந்த விலையில் வெளியிட்டார். பிறகு மீட்டர், ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர் வரை பல நூறு கிட்டுகள் வந்தன. 1992-இல் அந்தக் காலத்துக் கிட் வியாபாரம் நின்றது.

இவ்வளவு பேர் வாங்கக் காரணம் பாகங்கள் அல்ல, கையேடு. ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஒரு வரி; வரியின் தொடக்கத்தில் ஒரு வெற்று அடைப்புக்குறி; வேலை முடிந்ததும் அதில் பென்சிலால் டிக் போட வேண்டும். ஒரு முனையில் கம்பியை மாட்டச் சொல்லி, இன்னும் சால்டர் செய்ய வேண்டாம் என்றால் ‘என்எஸ்’ என்று குறிப்பு. சால்டர் செய்யலாம் என்றால் ‘எஸ்-2’, ‘எஸ்-3’ என்று, அந்த முனையில் எத்தனை கம்பிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையும் சேர்த்து. மூன்று கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தால், ஒரு படியைத் தவறவிட்டோம் என்று அங்கேயே தெரிந்துவிடும். சுவரில் ஒட்டி வைத்துப் பார்க்கப் பெரிய மடிப்புப் படங்களும் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவரையும் கைபிடித்து அழைத்துப் போகும் கையேடு அது. அப்படிப்பட்ட கையேட்டில் ஒரு குறி அழிந்தால், கைபிடித்தவரே பள்ளத்தில் இறக்கிவிட்ட மாதிரி.

ஏட்டுச்சுவடி சொல்லும் பாடம்

புள்ளி தொலைவது நம் மொழிக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் காட்டுவதில்லை. சுவடியைப் படிப்பவர் பொருளையும் எதுகை மோனையையும் யாப்பையும் வைத்துத்தான் சரியான எழுத்தைக் கண்டுகொள்ள வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஒரு சுவடியை நம்பவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டார்.

சர்க்யூட்டுக்கும் ஒரு வகையில் யாப்பு உண்டு. சாதாரண ரெசிஸ்டர்கள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற குறிப்பிட்ட எண்களில்தான் வரும். மங்கிய நகலில் 58 என்று தெரிந்தால் அது 56 ஆக இருக்கக்கூடும் என்று சந்தேகப்படலாம். 88 என்று தெரிந்தால் 68 அல்லது 82. ஆனால் இந்த யாப்பு புள்ளியைக் காப்பாற்றாது. 4.7-உம் உண்டு, 47-உம் உண்டு. இரண்டுமே கடையில் கிடைக்கும்.

இந்த ஆபத்தைத் தெரிந்துதான் ஐரோப்பாவில் புள்ளி இருக்கும் இடத்தில் எழுத்தையே போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 4.7 கிலோ ஓம் என்பதை ‘4கே7’ என்றும், 9.1 ஓமை ‘9ஆர்1’ என்றும் எழுதுவார்கள். எத்தனை முறை நகலெடுத்தாலும் எழுத்து அவ்வளவு எளிதில் மறையாது. பழைய அமெரிக்கக் கையேடுகளில் இந்த வழக்கம் இல்லை.

அவற்றில் வேறு பாதுகாப்பு இருந்தது. ரெசிஸ்டரின் மதிப்போடு, அதன் வண்ணப் பட்டைகளின் பெயர்களையும் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று எழுத்தில் கொடுத்திருப்பார்கள். 4,700 என்பதில் ஒரு சுழி அழிந்தாலும் நிறப்பெயர் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் 9.1 ஓம் துல்லிய வகை ரெசிஸ்டர். அதற்கு வண்ணப் பட்டை இல்லை. மதிப்பு உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். அதனால்தான் அது மட்டும் தப்பியது.

மறுபதிப்புப் படிகள்

முதல் படி: அசலைச் சரிபார்த்தல். பக்கங்களை எண்ணுங்கள். மடிப்புப் படங்கள், இடையில் செருகிய திருத்தச் சீட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாடலுக்குப் பல பதிப்புகள் வந்திருக்கலாம். அட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ உள்ள பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு அசல்களை ஒப்பிடுங்கள். ரயில்வே சிக்னல் பிரிவில், எந்தத் திருத்தம் வரை வந்த படம் என்று பார்க்காமல் ஒரு கம்பியைத் தொடமாட்டோம். அந்தப் பழக்கம் இங்கும் வேண்டும்.

இரண்டாம் படி: பிரித்தல். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காதீர்கள். பின்புறம் நிமிர்த்தி மெல்ல எடுங்கள். தாள் தட்டையாகப் படிந்தால்தான் உள்விளிம்பில் இருக்கும் எழுத்து வளையாமல் வரும்.

மூன்றாம் படி: ஸ்கேன் செய்தல். இங்கே ஒரு சிறு கணக்கு. சர்க்யூட் படத்தில் ஒரு தசமப் புள்ளியின் குறுக்களவை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அங்குலத்துக்கு 100 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு கட்டமும் 0.25 மி.மீ.; தசமப் புள்ளி ஒரே ஒரு கட்டமாக வரும். 300 என்றால் மூன்று கட்டம்; 600 என்றால் ஆறு கட்டம். ஒரே கட்டமாக இருப்பதை ஸ்கேனரில் உள்ள ‘தூசி நீக்கும்’ வசதி தூசி என்றே எண்ணித் துடைத்துவிடும். ஆகவே எழுத்துப் பக்கங்களுக்கு 300, சர்க்யூட் படங்களுக்கு 600 வையுங்கள். தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை என்று வைக்காமல் சாம்பல்நிற முறையில் எடுங்கள். மங்கிய புள்ளி மங்கலாகவாவது நிற்கும். புகைப்படங்களுக்கும் அதுவே நல்லது. மூலக் கோப்பை டிஃப் வடிவில் இழப்பில்லாமல் சேமித்து, அதிலிருந்து பிடிஎஃப் தயாரியுங்கள்.

நான்காம் படி: சுருக்கும்போது எச்சரிக்கை. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேன் இயந்திரத்தில் கொடுத்தார். 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை, நகலில் 14.13 என்று வந்தது. மங்கலாக இல்லை, அச்சடித்தது போல் தெளிவாக, ஆனால் தப்பாக! கோப்பைச் சிறிதாக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒன்றாகவே சேமிக்கும் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை செய்த வேலை அது. 6, 8 போன்ற எண்களும் இப்படி இடம் மாறின. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. நமக்கு இதில் உள்ள பாடம்: மங்கலான நகல் ‘என்னை நம்பாதே’ என்று தானே சொல்லிவிடும்; தெளிவான தவறு சொல்லாது. இழப்புடன் சுருக்கும் வசதியை இந்தக் கையேடுகளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: அளவு மாறாமல் காத்தல். அமெரிக்கத் தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நமது ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். பிரிண்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கும். படிக்க இதனால் கெடுதலில்லை. ஆனால் துளையிடும் வார்ப்புப் படம் இருந்தால் 200 மி.மீ. இடைவெளி 194 ஆகிவிடும், திருகு உட்காராது. அத்தகைய பக்கத்தின் ஓரத்தில் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். அச்சான பிறகு அதே ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆறாம் படி: மடிப்புப் படங்கள். பெரிய படத்தைப் பகுதி பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று மூன்று சென்டிமீட்டராவது படியும்படி ஸ்கேன் செய்து, கணினியில் இணையுங்கள். ஏ4 துண்டுகளாக வெட்டி அச்சிடாதீர்கள். வெட்டிய ஓரத்தில் எந்தக் கம்பி எங்கே தொடர்கிறது என்று கண் தடுமாறும். கட்டட வரைபடம் அச்சிடும் கடைகளில் பெரிய தாளில் எடுத்துத் தருவார்கள்.

சர்க்யூட் படத்தில் இன்னொரு புள்ளியும் உண்டு. இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் இணைப்பில்லை. தசமப் புள்ளி போனால் மதிப்பு மாறும். இந்தப் புள்ளி போனால் சர்க்யூட்டே மாறும். ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பையும் அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: திருத்தமும் சேர்க்கையும். முந்தைய உரிமையாளர் பென்சிலால் எழுதிய வோல்டேஜ் அளவுகள், டிக் குறிகள் ஆகியவற்றைப் பாதுகாப்புப் பிரதியில் அப்படியே விடுங்கள். வேலை செய்யும் பிரதியில் மட்டும் டிக் குறிகளை நீக்குங்கள். திருத்தச் சீட்டில் உள்ளதை உரிய இடத்தில் சேர்த்தால், சேர்த்ததாகக் குறிப்பிடுங்கள். சர்க்யூட்டைக் கணினியில் புதிதாக வரைந்தால் ‘புதிதாக வரைந்தது’ என்று அடியில் எழுதி, பழைய படத்தையும் கூடவே வையுங்கள்.

நாங்கள் ஒன்றே ஒன்றைச் சேர்த்தோம். அசலில் மின்சாரம் 117 வோல்ட் என்றிருக்கிறது; நம் வீட்டில் 230 வோல்ட். நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். ஆகவே முதல் பக்கத்துக்கு முன்னால் ஒரு தனித்தாளில், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைக்கக்கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இது எங்கள் சேர்க்கை என்றும் குறித்தோம்.

எட்டாம் படி: வாய்விட்டுச் சரிபார்த்தல். ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குத் தொலைபேசியில் ஒரு முக்கியச் செய்தியைச் சொன்னால், பிரைவேட் நம்பர் கொடுத்து வாங்கி உறுதி செய்துகொள்வார்கள். ‘கேட்டுக்கொண்டேன்’ என்றால் போதாது. அதே முறையில், ஒருவர் அசலைப் பார்த்து “ஒன்பது புள்ளி ஒன்று ஓம்” என்று படிக்க, மற்றவர் நகலில் அதைக் கண்டு திருப்பிச் சொல்லி டிக் போட வேண்டும். பாகங்களின் பட்டியலையும் சர்க்யூட் படத்தையும் தனித்தனியாக இப்படிச் சரிபார்த்து, பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தனியாகப் படித்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும்.

ஒன்பதாம் படி: அச்சும் கட்டும். லேசர் அச்சு நல்லது. ஈரக்கை பட்டால் இங்க்ஜெட் மை கரையும். தாள் 80 முதல் 100 ஜிஎஸ்எம் இருக்கட்டும். உள்விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் விட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்தால், மேசைமேல் தட்டையாகத் திறந்து கிடக்கும். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், மறு கையில் கம்பி இருக்கும்போது பக்கத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது!

உரிமை பற்றி ஒரு வார்த்தை

நிறுவனம் மூடிவிட்டது என்பதால் கையேட்டின் உரிமையும் போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. உரிமை வேறொருவர் கைக்கு மாறியிருக்கலாம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. நகலெடுத்து விற்பதற்கு அது அனுமதி அல்ல. விற்கும் எண்ணம் இருந்தால் உரிமையாளரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பரணில் பாருங்கள்

இந்த நகரத்துக்கு ரயில்வே, பி.எச்.இ.எல்., 1967-இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். என்று வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தலைமுறையில் சால்டரிங் அயர்ன் இல்லாத வீடு குறைவு. 1969-இல் தொடங்கிய ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ பத்திரிகையைப் பார்த்து ரேடியோ கட்டியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். இன்றும் இந்த ஊர் அந்தக் கலையை விடவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் உருவாக்கிய பிட்எக்ஸ் என்ற ஹாம் ரேடியோ சர்க்யூட்டைப் பல நாட்டவர் கட்டியிருக்கிறார்கள். சர்க்யூட்டையும் கட்டும் முறையையும் எல்லோரும் பார்க்கும்படி அவர் திறந்து வைத்ததே அதற்குக் காரணம்.

உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், இத்தகைய கையேடு, சர்க்யூட் படம், பாகங்களின் பட்டியல் ஏதாவது இருந்தால், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவந்தால் ஸ்கேன் செய்து அசலைத் திருப்பித் தருகிறோம். படித்துச் சரிபார்க்க ஒரு துணைக் கண்ணும் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை, எண்களைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அந்த வோல்ட்மீட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குஜராத்தி கல்லியில் 9.1 ஓம் ரெசிஸ்டர் வாங்கிப் போட்டோம். 10 ஓமை 10 என்று காட்டியது. பையன் மறுபதிப்பை எடுத்து, தாத்தா டிக் போடாமல் விட்ட அடைப்புக்குறிகளில் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு வந்தான். கடைசி வரி முடிந்ததும், “அடுத்த கிட் எது தாத்தா?” என்றான்.